கிழிசலும் ஒட்டும்: பாவை உடலின் வரலாற்றுக்குச் சில குறிப்புகள்

1

சிலிக்கோனில் செய்த ஆளுயரப் பெண் பொம்மை ஒன்று அக்குளில் கிழிந்துபோனால் அதை எப்படிச் சரிபண்ணுவது? கேள்வியைக் கேட்டதும் சிலருக்குச் சிரிப்பு வரும், சிலர் முகத்தைச் சுளிப்பார்கள். சிரிப்பும் சுளிப்பும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. கேள்வியை விசாரிக்காமல் தாண்டிப் போக உதவுகின்றன. பாலுறவுக்கென்று செய்யப்படும் பொம்மையைப் பற்றி ஒழுக்கவாதிகள் நிறையப் பேசியாயிற்று. பெண்ணியரும் உளப்பகுப்பாய்வாளரும் பேசியிருக்கிறார்கள். பெரும்பாலும் பேசப்பட்டது முழுப் பொம்மையைப் பற்றி, அதாவது பெட்டியைப் பிரித்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அந்தப் பொம்மையைப் பற்றி. கிழிந்த பொம்மையும் அதை ஒட்டுகிற கையும் பேச்சுக்குள் வருவது அபூர்வம். ஆனால் செய்யப்பட்ட உடல் எதுவானாலும் அது கிழியும். கிழிந்ததை என்ன செய்வது என்பதற்கு ஒவ்வொரு சமூகமும் ஒரு விதி வைத்திருக்கிறது. அந்த விதியைப் படித்தால் அச்சமூகம் உடலைப் பற்றி, முக்கியமாகப் பெண்ணுடலைப் பற்றி, என்ன நினைக்கிறது என்று தெரியும். இக்குறிப்புகளின் நோக்கம் அவ்வளவுதான்.

முதலில் வேலையைப் பார்த்துவிடுவோம். சிலிக்கோன் என்பது சிலிக்கானும் ஆக்ஸிஜனும் மாறி மாறிக் கோத்த சங்கிலி. அந்தச் சிலிக்கானுக்கு மூலம் மணல். நன்றாக இழுபடும், சூடு தாங்கும், எளிதில் மட்காது. ஆனால் ஒரு பலவீனம் உண்டு. முழுசாக இருக்கும்வரை எவ்வளவு இழுத்தாலும் தாங்குகிற அதே தோல், ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு விழுந்துவிட்டால் அங்கிருந்து சரசரவென்று பிரியும். ஆகவே சின்னக் கிழிசலாக இருக்கும்போதே பார்க்க வேண்டும். கிழிவது அதிகம் இழுபடுகிற இடங்களில்: அக்குள், தொடையிடுக்கு, வாயோரம், கழுத்து. விரல்களுக்குள் இருக்கிற கம்பி மடங்கி மடங்கி நுனியில் தோலைக் குத்திக்கொண்டு வெளியே வருவதும் உண்டு. முப்பது நாற்பது கிலோ கனமுள்ள பொருளைத் தூக்குவதும் உட்காரவைப்பதும் மடக்குவதுமே போதும், கிழிசல் விழ.

ஒட்டுகிறவர் முதலில் இரண்டு விளிம்புகளையும் ஸ்பிரிட்டால் துடைப்பார். பவுடரோ எண்ணெய்ப் பசையோ கொஞ்சம் இருந்தாலும் ஒட்டு நிற்காது. வீட்டில் கிடக்கிற கெட்டிப் பசை எதையாவது போட்டால் அது காய்ந்து விறைத்துவிடும். பிறகு அந்த விறைப்பின் ஓரத்திலேயே புதுக் கிழிசல் ஆரம்பிக்கும். இறுகிய சிலிக்கோனோடு நின்று ஒட்டுவது சிலிக்கோன் மட்டும்தான். ஆகவே சிலிக்கோன் பசையை மெல்லிசாகத் தடவி, விளிம்பை விளிம்போடு பொருத்தி, அசையாமல் கட்டி, ஒரு நாள் போல விட்டுவைக்க வேண்டும். கிழிசல் ஆழமானால் உட்புறத்தில் மெல்லிய வலைத்துணியைப் பதிப்பதுண்டு. கடைசியில் நிறம் சேர்த்து, பளபளப்பு போகப் பவுடர் தூவி, ஒட்டின தடம் தெரியாமல் செய்வார்கள். தடம் தெரிந்தால் வேலை தோற்றது என்று அர்த்தம். இந்த இடத்தை நாம் கவனித்துக்கொள்ள வேண்டும். கிழிசலை அடைப்பதோடு வேலை முடிவதில்லை. கிழிந்ததே இல்லை என்று ஆக்கவேண்டியிருக்கிறது.

இந்தத் தடமற்ற தோலுக்கான ஆசை சிலிக்கோனுக்கு முந்தியது. ஓவியர் ஆஸ்கர் கோகோஷ்கா, தன்னை விட்டுப்போன ஆல்மா மாலரின் உருவில் ஆளுயரப் பொம்மை ஒன்றைச் செய்துதரும்படி 1918-ல் மூனிச் நகரின் ஹெர்மினே மோஸ் என்ற பொம்மைக் கலைஞரிடம் கேட்டார். தோல் தொடுவதற்கு எப்படி இருக்க வேண்டும் என்று கடிதம் கடிதமாக எழுதினார். 1919-ல் பொம்மை வந்தது. அதன் தோல் இறகும் மயிருமாக இருந்தது. ஏமாந்துபோனவர் அதைப் பல முறை வரைந்தார், கடைசியில் டிரெஸ்டனில் ஒரு விருந்து இரவில் தலையைத் துண்டித்துச் சிவப்பு ஒயினை ஊற்றித் தோட்டத்தில் போட்டார். கொலை நடந்திருக்கிறதென்று போலீஸ் வந்தது. கலை வரலாற்றில் இது ஒரு வேடிக்கைக் கதையாகச் சொல்லப்படுகிறது. அந்தத் தோலைத் தைத்த பெண்ணின் உழைப்பு அதில் ஓர் அடிக்குறிப்புதான். அதே 1919-ல்தான் பிராய்ட் தன் அச்சந்தரும் விசித்திரம் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். ஹாஃப்மன் 1816-ல் வெளியிட்ட கதையில் வரும் ஒலிம்பியா என்ற பொம்மைப் பெண்ணை அவர் பேச்சுக்கு எடுக்கிறார், எடுத்த வேகத்தில் கீழே வைத்துவிட்டு ஆணின் கண்ணிழப்பு பயத்துக்குப் போய்விடுகிறார். கதையில் இரண்டு ஆண்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்து நாசமாக்குகிற அந்தப் பொம்மையுடல் கட்டுரையில் கேட்பாரற்றுக் கிடக்கிறது.

டோக்கியோவில் 1977-ல் தொடங்கிய ஓரியண்ட் இண்டஸ்ட்ரி, கலிஃபோர்னியாவில் 1990-களின் பிற்பாதியில் மாட் மக்மல்லன் தொடங்கிய ரியல்டால் ஆகியவற்றின் வழியாக இந்த ஆசை ஒரு தொழிலாயிற்று. ஜப்பானிய நிறுவனத்தின் சொல்வழக்கைக் கவனியுங்கள்: பொம்மையை வாங்குபவரிடம் அனுப்புவதற்குப் பெயர் மணம்முடித்துக் கொடுப்பது; வைத்துக்கொள்ள முடியாமல் திருப்பி அனுப்பினால் பிறந்தகம் வருவது. சரக்கு, உறவின் சொற்களை உடுத்திக்கொள்கிறது. மார்க்ஸ் சரக்கின் மாயம் பற்றிச் சொன்னதை இதைவிட அப்பட்டமாகக் காட்ட முடியாது. நம்மூரில் மகளைக் கட்டிக்கொடுத்து, ஏதாவது 'குறை' சொல்லித் திருப்பி அனுப்பப்பட்ட வீடுகளுக்கு இந்தச் சொல்வழக்கில் வேடிக்கை எதுவும் தெரியாது.

2

மேற்கத்திய முதலாளியம் கெடுத்தது, நம் மரபு நல்லது என்று இங்கே யாராவது கைதட்ட ஆரம்பிக்கக் கூடும். அதற்கு இடமில்லை. கிழியாத பெண்ணுடல் நம்முடைய கனவுந்தான். சங்கப் பாடல்களில் வரும் கொல்லிப்பாவையை எடுத்துக்கொள்வோம். கொல்லி மலையில் தெய்வம் ஆக்கிவைத்த பெண் உருவம் அது. தலைவியின் அழகுக்கு உவமையாகத் திரும்பத் திரும்ப வருகிறது. நற்றிணைப் பாடல் ஒன்று அதன் பெருமையாகச் சொல்வது என்ன? காற்று அடித்தாலும், மழை கொட்டினாலும், இடி விழுந்தாலும், நிலமே அதிர்ந்தாலும் அதன் வடிவம் கெடாது என்பது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னாலேயே ஆண் விழைவு தனக்கென்று ஒரு சேதமடையாத தோலைக் கற்பித்துக்கொண்டுவிட்டது. மூப்பில்லை, தழும்பில்லை, பிள்ளை பெற்ற கோடில்லை. கொல்லிப்பாவைக்குப் பழுதுபார்ப்பவர் தேவைப்படவில்லை. ஆகவே அவளுக்கு வரலாறும் இல்லை.

கோயிலுக்கு வந்தால் விதி வேறு. சிற்ப நூல்களும் ஆகமங்களும் பின்னப்பட்ட படிமத்தைப் பற்றி விரிவாகப் பேசுகின்றன. விரல் நுனி, அணிகலன் போன்ற சிறிய உறுப்பு சிதைந்தால் சரிசெய்து வழிபடலாம். தலை, மார்பு, கை, கால் போன்ற பேருறுப்பு போனால் படிமத்தை நீக்கி நீரில் இட்டுப் புதியதை நிறுவ வேண்டும். நிறுவுவதற்கு ஒரு பசை உண்டு. அஷ்டபந்தனம் என்பார்கள். கொம்பரக்கு, சுக்கான்தூள், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் ஆகிய எட்டையும் சேர்த்து இடித்து இடித்துப் பதமாக்கியது. படிமத்துக்கும் பீடத்துக்கும் நடுவில் அடைத்து, நீர் இறங்காமல் காக்கும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பது வழக்கம். பசை கெடும் என்று ஒத்துக்கொண்டு, கெடுவதற்குத் தவணை வைத்து, தவணை வரும்போது ஊர் கூட்டி விழா எடுக்கிற ஏற்பாடு இது. உலக்கை பிடித்து இடித்த கைகளுக்குக் கல்வெட்டு கிடையாது, குடமுழுக்குக்குப் பணம் கொடுத்தவருக்கு உண்டு. அதுவும் சேர்ந்ததுதான் மரபு.

மூன்றாவது பாவை இன்னும் கீழே இருக்கிறது. நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டங்களில் தோல்பாவைக் கூத்து நடத்திவந்தவர்கள் மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்ட மண்டிகர்கள். தஞ்சை மராட்டியர் காலத்தோடு சேர்த்து இவர்கள் வருகையைச் சொல்வார்கள். ஆட்டுத்தோலைச் சுரண்டிக் காயவைத்து, கோடு கிழித்து, துளை போட்டு, இரண்டு பக்கமும் சாயம் ஏற்றிச் செய்த பாவைகள். கை கால் மூட்டுகளை நூலால் முடிந்திருப்பார்கள். இராமாயணந்தான் கதை. ஆனால் இராமாயணத்துக்கு நடுவில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்துவிடுவார்கள். அவர்கள் வாயில் வருகிற பச்சைப் பேச்சுக்குத்தான் சனம் நடுராத்திரி வரை உட்கார்ந்திருக்கும். பெரியவர்களுக்கான பொம்மை என்று தமிழில் ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் முதலில் சொல்ல வேண்டியது இவர்களைத்தான்.

தோலும் கிழியும். ஊர் ஊராகக் கட்டித் தூக்கிக்கொண்டு போவதில் மடிப்பு விழும். கழியில் கட்டி ஆட்டுவதில் மூட்டு பிய்யும். கிழிந்த இடத்தில் இன்னொரு தோல்துண்டை வைத்துத் தைத்தால் போயிற்று. ஆனால் தோல்பாவையில் ஒட்டை மறைக்க முடியாது. பின்னாலிருந்து விளக்கு வெளிச்சம் தோலை ஊடுருவித்தான் திரையில் விழுகிறது. ஒட்டுப் போட்ட இடம் இரண்டு தோல் கனம். அங்கே மட்டும் வெளிச்சம் மங்கும். சீதையின் தோளில் ஒரு கருந்திட்டு தெரியும். பார்க்கிறவர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அவள் சீதைதான். இனி ஒட்ட முடியாது என்று ஆன பாவைகளை மரியாதையாக ஆற்றில் விடுகிற வழக்கம் தென்னிந்தியத் தோல்பாவை மரபுகளில் உண்டு. கோயில் படிமத்துக்கு உள்ள அதே நீர், நாடோடியின் ஆட்டுத்தோலுக்கும்.

ஆக, கிழிசலுக்கு மூன்று விதிகள் கிடைக்கின்றன. கொல்லிப்பாவைக்குக் கிழிசலே கிடையாது. கோயில் படிமத்துக்குச் சிறுகிழிசல் மன்னிப்பு, பெருங்கிழிசல் விலக்கு. தோல்பாவைக்கு ஒட்டு வெளிச்சத்திலேயே தெரியும், கூத்து நிற்காது. சிலிக்கோன் பொம்மை எந்த விதிக்குள் வருகிறது? கொல்லிப்பாவையாக விற்கப்படுகிறது, வாங்கிய பிறகு தோல்பாவையைப் போலக் கிழிகிறது. இந்த இடைவெளியைத்தான் பவுடர் தூவி மறைக்கிறார்கள்.

3

இதையெல்லாம் குலசேகரன்பட்டினத்திலிருந்து பேசுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. திருச்செந்தூருக்குத் தெற்கே, தேரிமணலுக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற இந்த ஊரில் நான்காவது விதி ஒன்று வழங்குகிறது.

குலசை என்றால் முத்தாரம்மன். பேருக்கு இரண்டு விளக்கம் சொல்வார்கள். ஒன்று, முத்து ஆரம் பூண்டவள். முத்துக்குளித்துறையில் இருக்கிற தெய்வத்துக்கு இது பொருத்தமே. இன்னொன்று, முத்தை ஆற்றுகிறவள். இந்த முத்து அம்மை முத்து. உடம்பில் கொப்புளம் போட்டால் 'முத்து போட்டிருக்கு' என்பார்கள், குணமானால் 'முத்து இறங்கிட்டு' என்பார்கள். தோல் வெடித்துச் சீழ் வைத்த இடத்துக்கு, இந்தக் கடற்கரையில் கிடைத்த விலையுயர்ந்த பொருளின் பெயர். நோய்க்கு இடக்கரடக்கல் என்று மொழியியல்காரர்கள் சொல்லிவிட்டுப் போகலாம். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. சேதமான தோலை அவமானமாகப் படிக்காமல் தெய்வம் வந்துபோன எழுத்தாகப் படிக்கிற ஒரு முறை அது. பெரியம்மை இந்தியாவில் 1975-ல் நின்றது, 1980-ல் உலகத்தை விட்டே போனதாக அறிவித்தார்கள். தழும்போடு இருந்த தலைமுறை இப்போது மறைந்துவருகிறது. இதை ரொம்பவும் மெச்சிக்கொள்ளவும் கூடாது. கோயிலில் முத்தாக இருந்தது பெண்பார்க்கிற திண்ணையில் தழும்பாகத்தான் இருந்தது. அம்மைத் தழும்பு விழுந்த பெண்ணுக்கு மாப்பிள்ளை அமையாமல் போன கதை இந்தப் பக்கத்தில் எந்தச் சாதியில் இல்லை?

கடல் முத்தே ஒரு ஒட்டுத்தான் என்பதையும் சொல்ல வேண்டும். சிப்பிக்குள் மணல் விழுந்து முத்தாகிறது என்பது பள்ளிக்கூடத்துக் கதை. பெரும்பாலும் நடப்பது வேறு. ஏதோ ஒட்டுண்ணி துளைத்தோ அடிபட்டோ சிப்பியின் மென்தோல் காயப்படுகிறது. காயப்பட்ட தோலின் செல்கள் உள்ளே போய் ஒரு பையாகி, ஓட்டுக்குப் பூசுகிற அதே பூச்சை அங்கே அடுக்கடுக்காகப் பூசுகின்றன. மன்னார் வளைகுடாவின் இந்தியக் கரையில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அதற்குப் பிறகு 1973-ல் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை உண்டாக்கினார்கள். செய்முறை என்ன? சிப்பியின் உடலைக் கீறி, ஒரு உருண்டையையும் இன்னொரு சிப்பியின் தோல்துண்டையும் சேர்த்து உள்ளே வைப்பது. கீறலும் ஒட்டும். பாண்டியனும் போர்ச்சுகீசியனும் டச்சுக்காரனும் வெள்ளைக்காரனும் சண்டை போட்டுக்கொண்ட பொருள், ஒரு மெல்லுடலியின் ஆறிய காயம். அதற்காக மூச்சடக்கி முங்கிய பரவரும் மரைக்காயரும் தங்கள் தோலில் வாங்கிய காயங்களுக்கு அந்த விலை கிடைத்ததில்லை.

இனி தசரா. புரட்டாசி நவராத்திரியில் பல நாள் விரதம் பிடித்து, காப்புக் கட்டி, வேடம் போட்டு, வீடு வீடாகக் காணிக்கை பிரித்து, கடைசி நாள் கடற்கரைச் சூரசம்ஹாரத்துக்கு லட்சக்கணக்கில் வந்து சேர்கிறார்கள். குறவன், குறத்தி, குரங்கு, கரடி, போலீஸ், பிச்சைக்காரன் என்று எத்தனையோ வேடங்கள். தலையாயது காளி. ஆண் ஒருவன் சவுரிமுடி, கிரீடம், நீட்டிய நாக்கு, கூடுதல் கைகள், துணி அடைத்த மார்பு, சேலை எல்லாம் தன்மேல் ஏற்றிக்கொள்கிறான். பாவைக்குள்ளே ஆள் புகுந்த மாதிரி. இந்த உடலும் கிழியும். வெயிலிலும் கூட்டத்திலும் மூன்று நாலு நாள் நடந்தால் கிரீடத்தின் ஒட்டு விடும், முதுகில் கட்டின கைகளில் ஒன்று தொங்கும், மார்புத் துணி சரியும். ரோட்டோரம் பெட்டிக்கடை வெளிச்சத்தில் நிறுத்திவைத்து ஊசிநூல், கட்டுக்கம்பி, ஃபெவிகால் வைத்துச் சரிபண்ணுகிறதை நான் பார்த்திருக்கிறேன். செட்டில் இருக்கிற பையன் ஒருத்தன் தைத்துக்கொண்டிருப்பான். காளி டீ குடித்துக்கொண்டிருப்பாள். ஒருவரும் மறைப்பதில்லை. தைத்து முடித்ததும் வயசான பெண்கள் வந்து அதே காளியிடம் திருநீறு வாங்கிக்கொண்டு போவார்கள். அம்மனின் உடம்பில் ஊசி ஏறினதைக் கண்ணால் பார்த்த பிறகுதான்.

நான்காவது விதி இதுதான்: ஒட்டுப் போடுவது உருவத்தின் சக்தியைக் குறைப்பதில்லை, ஏனெனில் சக்தி தோலில் இல்லை. அது விரதத்தில், காணிக்கையில், கூடியிருக்கிற சனத்தில் இருக்கிறது. சூரசம்ஹாரம் முடிந்து காப்பை அறுத்ததும் வேடம் கழன்றுவிடும், துணி துணியாகிவிடும். சிலிக்கோன் பொம்மைக்கு அப்படி ஊரும் இல்லை, முடிகிற நாளும் இல்லை. அதன் சக்தி முழுவதும் தோலிலேயே குவிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே ஒரு அங்குலக் கிழிசலில் எல்லாமே போய்விடுகிறது. இங்கேயும் ஒரு குறிப்பு. பெண் உருவத்தைத் தைத்து ஏற்றிக்கொள்ளும் உரிமை ஆணுக்கு இருக்கிற அளவுக்குப் பெண்ணுக்கு இந்த விழாவில் இல்லை. விதி நல்ல விதிதான், ஆனால் யாருக்கு என்ற கேள்வி நிற்கிறது.

4

பொம்மையோடு நின்றிருந்தால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. அதே சிலிக்கோன் பெண்களின் உடலுக்குள் போயிற்று. 1962-ல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் முதல் சிலிக்கோன் மார்புப் பை வைக்கப்பட்டது. புற்றுநோயில் மார்பை இழந்தவர்களுக்கு அது ஆறுதலாக இருந்ததை மறுக்க முடியாது. ஆனால் பைகள் கிழிந்தன. கசிவு பற்றிய வழக்குகள் பெருகி, 1992-ல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சிலிக்கோன் கூழ்ப் பைகளின் பயன்பாட்டைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. 1995-ல் டவ் கார்னிங் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. உடல் முழுதும் பரவும் நோய்களுக்கும் இந்தப் பைகளுக்கும் தொடர்பு நிறுவப்படவில்லை என்று 1999-ல் அங்குள்ள மருத்துவக் கழகம் அறிக்கை தந்தது. கிழிவதும் அதைச் சுற்றிய தொல்லைகளும் உண்மை என்றும் அதே அறிக்கை சொன்னது. 2006-ல் மீண்டும் அனுமதி வந்தபோது, குறிப்பிட்ட காலத்துக்கொரு முறை உட்படம் எடுத்துப் பார்க்கும்படி பரிந்துரைத்தார்கள். கிழிந்தது வைத்துக்கொண்டிருப்பவளுக்கே தெரியாமல் இருக்கலாம் என்பதுதான் காரணம். மருத்துவர்கள் இதற்கு மௌனக் கிழிசல் என்று பொருள்படும் பெயர் வைத்திருக்கிறார்கள். 2010-ல் பிரான்சில் பிப் என்ற நிறுவனத்தின் பைகள் திரும்பப் பெறப்பட்டன. மருத்துவத் தரமில்லாத, ஆலைகளுக்கான சிலிக்கோனை அதில் அடைத்து உலகமெங்கும் விற்றிருந்தார்கள். நிறுவனர் 2013-ல் சிறைத் தண்டனை பெற்றார். பொம்மைக்கு நல்ல சிலிக்கோன் தேடுகிற சந்தையில் பெண்ணுக்கு மட்டமான சிலிக்கோன் போயிருக்கிறது. பொம்மையிடம் எதிர்பார்த்த தடமற்ற தோலைப் பெண்ணிடமும் எதிர்பார்த்ததன் விலையை அவள் உடம்புக்குள்ளே சுமந்தாள்.

இன்னொரு பக்கம் நீதிமன்றம். அது தடம் இல்லாத தோலைச் சந்தேகப்பட்டது. மகாராஷ்டிரத்தில் 1972-ல் காவல் நிலையத்துக்குள்ளேயே பாலியல் வன்முறைக்கு ஆளான ஆதிவாசிச் சிறுமியின் வழக்கை, மதுரா வழக்கு என்று அறியப்படுவதை, வாசகர்கள் அறிவார்கள். 1978-ல் உச்ச நீதிமன்றம் போலீஸ்காரர்களை விடுவித்தது. உடலில் காயம் இல்லை, ஆகவே எதிர்ப்பு இல்லை என்று வாதம் போயிற்று. இருந்த கிழிசலோ பழசு என்று மருத்துவர் எழுதியிருந்தார். அதுவும் அவளுக்கு எதிராகப் போயிற்று. புதுக் கிழிசல் இல்லாததால் சம்மதம், பழைய கிழிசல் இருப்பதால் நடத்தை சரியில்லை. இரண்டு பக்கமும் அடைத்த வலை. 1979-ல் சட்டப் பேராசிரியர்கள் நால்வர் எழுதிய திறந்த மடலும், அதையொட்டி எழுந்த பெண்கள் இயக்கமும், 1983-ன் சட்டத் திருத்தமும் அதன் பிறகு வந்தவை. கிழிசலை அளக்கிற இரு விரல் சோதனை மட்டும் தொடர்ந்தது. அது பெண்ணின் உரிமைக்கும் கண்ணியத்துக்கும் எதிரானது என்று உச்ச நீதிமன்றம் 2013-ல் சொன்னது. செய்கிற மருத்துவர் தவறான நடத்தைக்குக் குற்றவாளி என்று 2022-ல் திரும்பவும் சொல்ல வேண்டியிருந்தது.

படுக்கையறை, தடமே இருக்கக் கூடாது என்கிறது. நீதிமன்றம், தடத்தைக் காட்டு என்கிறது. எதிரெதிராகத் தெரிகிற இரண்டும் ஒரே நம்பிக்கையில் நிற்கின்றன: பெண் என்றால் தோல், தோலைப் படித்தால் அவளைப் படித்தாயிற்று, அவள் வாயால் சொல்வது அதற்கப்புறம்.

5

பொம்மையைச் சட்டம் எப்படிப் பார்த்தது என்பதையும் சேர்த்துவிடலாம். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 292-ஆம் பிரிவு, புத்தகம், படம் ஆகியவற்றோடு உருவத்தையும் வேறெந்தப் பொருளையும் ஆபாசத்துக்குள் அடக்கியது. 2024 ஜூலை முதல் அதன் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 294-ஆம் பிரிவு இருக்கிறது. இரண்டிலும் ஒரு விலக்கு உண்டு: கோயிலிலும் பழஞ்சின்னத்திலும் உள்ள சிற்பம், தெய்வம் ஏறுகிற தேரில் உள்ள சிற்பம் ஆகியவை ஆபாசம் ஆகா. தேரில் இருந்தால் கலை, பெட்டியில் வந்தால் குற்றம். சுங்கத் துறை 1964-ன் அறிவிக்கை ஒன்றை வைத்துத் துறைமுகங்களில் இத்தகைய பொருள்களைத் தடுத்துவந்தது. உடம்பு பிடித்துவிடும் கருவிகளை ஆபாசப் பொருள் என்று பறிமுதல் செய்தது செல்லாது என பம்பாய் உயர் நீதிமன்றம் 2024-ல் தீர்ப்பளித்தது. ஆபாசம் பொருளில் இருக்கிறதா, அதிகாரியின் கற்பனையில் இருக்கிறதா என்ற பழைய கேள்விக்கு இது ஒரு பதில். குலசைத் தசராவிலும் ஆபாச ஆட்டம் என்ற குற்றச்சாட்டு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை போயிற்று. தடை, கண்காணிப்பு, போலீஸ். மேடையில் ஆடவந்த பெண்ணின் கூலி என்ன, அவள் எங்கே உடை மாற்றினாள், ராத்திரி எப்படி ஊர் திரும்பினாள் என்பது அந்தப் பேச்சில் இடம்பெறவில்லை. ஆபாசச் சட்டத்துக்குப் பார்க்கிறவன் கண்ணைப் பற்றித்தான் கவலை. பார்க்கப்படுகிற உடல் கிழிந்தால் அது சட்டத்தின் விஷயம் ஆவதில்லை.

ஆகவே பொம்மையைத் தடைசெய் என்று கேட்பதற்காக இதை எழுதவில்லை. தனியாக வாழ்கிறவர்கள், உடல் ஊனத்தாலோ வயதாலோ கூட்டுக்கு ஆளில்லாதவர்கள் அதை வைத்திருக்கிறார்கள் என்றால் அவர்களைச் சிரித்து விரட்டுவது எனக்கு உடன்பாடில்லை. சொல்லப்போனால் ஒட்டுப் போட உட்காருகிற அந்த மனிதன் எனக்கு முக்கியமானவன். அதுவரை தோலை அனுபவித்தவன் முதல்முறையாகத் தோலின் உள்பக்கத்தைப் பார்க்கிறான். எங்கே இழுத்தால் கிழியும், எவ்வளவு மடக்கலாம், எவ்வளவு நேரம் அசைக்காமல் விடவேண்டும் என்று கற்றுக்கொள்கிறான். ஒருத்தர் உடம்பைப் பேணுவதற்கு வேண்டிய பொறுமை அத்தனையும் அங்கே பயிலப்படுகிறது, யாருமே இல்லாத ஒரு உடம்பின் மேல். இந்த நாட்டு ஆண்களில் எத்தனை பேருக்கு மனைவியின் தையல் போட்ட வயிற்றைப் பற்றி அவ்வளவு தெரியும்?

பிள்ளை பெற்ற தையல், கருத்தடைத் தையல், கர்ப்பப்பை எடுத்த தையல் என்று நம் பெண்களின் வயிற்றில் அரசாங்கமும் மருத்துவமும் குடும்பமும் போட்ட ஒட்டுகள் ஏராளம். அவற்றை மறைத்துக்கொண்டு, கொல்லிப்பாவையாகத் தெரியும்படி அவர்கள் பழக்கப்பட்டிருக்கிறார்கள். அந்த ஒட்டுகளை எப்போது, யார், எதற்காகப் போட்டார்கள் என்று அவர்கள் வாயால் கேட்டு எழுதுகிற வரலாறு தமிழில் இன்னும் பெரிய அளவில் எழுதப்பட வேண்டியிருக்கிறது. தோல்பாவையின் கருந்திட்டையும் காளியின் ஊசிநூலையும் பார்த்துப் பழகிய சனத்துக்கு அதைப் படிக்கத் தெரியும். எழுதுகிறவர்கள்தான் முன்வர வேண்டும்.